வாசல் தாண்டிய பிறகு வந்த பயம்: வன்னியில் ஒரு தைரொயிட் நோயாளியும் எலி ஆய்வுகள் சொல்வதும்

நாற்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு பெண். முல்லைத்தீவு மாவட்டத்தில் காட்டோரக் கிராமம். கொஞ்ச வயல், வீட்டோடு மிளகாய்த் தோட்டம், இரண்டு மாடு. கணவர் 2009 இல் இல்லாமல் போனார். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு இருவரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

வந்த காரணம்

ஏழெட்டு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, கைகால் நடுங்குகிறது, சாகப்போகிறேன் என்ற எண்ணம் வருகிறது. கிழமைக்கு நாலைந்து தடவை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். சில நேரம் ஒரு காரணமும் இல்லாமல் வரும். யானை ஊருக்குள் இறங்கும் காலத்தில் யாராவது யானை வெடி போட்டால் கட்டாயம் வரும். அந்தச் சத்தத்தை வன்னியில் அந்த வயதுக்காரர் யாரும் வெறும் வெடிச்சத்தமாகக் கேட்பதில்லை.

இரவில் நடப்பதை அவர் சொன்ன விதம் இது: "நித்திரையில இருந்து எழும்பி ஓடுவன் டொக்டர். எங்க ஓடுறன் எண்டு தெரியாது. வாசல் தாண்டினாப் பிறகுதான் நிப்பன்."

பக்கத்தில் இருந்த மகள் இடையில் புகுந்தாள். "அம்மா முதல் ஓடிடுவா டொக்டர். பிறகுதான் பயப்பிடுவா."

மகள் சொன்ன அந்த வசனத்தைக் கிளினிக் அட்டையில் அப்படியே எழுதிவைத்தேன். கீழே சொல்லப்போகும் எலிக் கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் வருகிறது.

ஓடுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் பல இடங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறுவதில்லை. புதுக்குடியிருப்புச் சந்தைக்கு மகளைத்தான் அனுப்புகிறார். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரு வருடமும் தவறாதவர், இந்த வைகாசியில் போகவில்லை. சனத்துக்குள் நிற்கும்போது வந்துவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை.

ஊர் சொன்ன விளக்கம், செல்லடிக் காலத்துப் பயம் திரும்பி வந்துவிட்டது என்பது. அவரும் அதைத்தான் நம்பினார். கோயிலில் நூல் கட்டியாயிற்று. ஒரு மருந்துக் கடையில் நித்திரைக் குளிசை வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. ஓரிடத்தில் மனப்பதகளிப்பு என்று சொல்லி மருந்தும் கொடுத்திருக்கிறார்கள். சில கிழமை குடித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

அந்த விளக்கம் முட்டாள்தனமானது இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009 இல் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஒரு பெரிய கணக்கெடுப்பில் 32.6 சதவீதத்தினரிடம் பதகளிப்புக் குறிகளும், 7 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடுக் குறிகளும் இருந்தன. போரின் கடைசி மாதங்களைத் தாங்கிய மண் வன்னி. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு வந்த ஒருவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்றால் யாருக்கும் முதலில் அந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எல்லாப் படபடப்புக்கும் இங்கே ஒரு பதில் ஆயத்தமாக இருக்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தால் அதைத் தேடும் ஆள் குறைவு.

பரிசோதனை

முதலில் கையைப் பிடித்தேன். சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. பயத்தில் வியர்க்கும் கை பொதுவாகக் குளிர்ந்திருக்கும். இரண்டு கையையும் முன்னே நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு ஏ4 தாளை வைத்தேன். வெறும் கையில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. தாளின் ஓரம் மட்டும் விடாமல் நுணுக்கமாக அதிர்ந்துகொண்டிருந்தது. என் விரலைக் கண்ணுக்கு முன்னால் மெல்லக் கீழே இறக்கியபோது விழி இறங்கியது, மேலிமை பிந்தியது. விழியும் சற்று முன்தள்ளியிருந்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னபோது கழுத்தில் பரவலான, மென்மையான வீக்கம் ஒன்று மேலேறி இறங்கியது. அதன்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இரத்தம் பாயும் இரைச்சல் கேட்டது.

நாடி 116. இரத்த அழுத்தம் 146/62, இரண்டு எண்ணுக்கும் நடுவே நல்ல இடைவெளி. வழமையை விடக் கூடச் சாப்பிடுகிறார், ஆனால் சட்டைகள் தொளதொளத்துவிட்டன. ஈசிஜியில் இதயம் வேகமாக, ஆனால் ஒழுங்காக அடித்தது.

மகளை ஒரு வேலை செய்யச் சொன்னேன். "பிள்ளை, அம்மா நல்ல நித்திரையில இருக்கேக்க மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிசத்துக்கு நாடியை எண்ணிக்கொண்டு வாங்கோ." எண்ணிய இரவெல்லாம் நூறுக்கு மேல். பயத்தால் ஏறும் நாடி நித்திரையில் இறங்கும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மிகைத்து ஏற்றும் நாடி அவ்வளவு இலகுவில் இறங்காது. கருவியோ செலவோ இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. இதை இன்னும் அதிகம் பேர் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இரத்தம் வெளியே போய் முடிவு வர நாள் எடுத்தது. ரிஎஸ்எச், அதாவது தைரொயிட்டைச் சுரக்கச் சொல்லும் கபச்சுரப்பி ஓமோன், 0.01 இற்கும் குறைவு. தைரொயிட் மிகைத்தால் இது அடங்கிவிடும். வழமையாக 0.4 இற்கும் 4 இற்கும் இடையில் இருக்க வேண்டியது. தைரொயிட் சுரக்கும் ஓமோனான கட்டற்ற ரி4 வழமையின் உச்ச எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கண்ணையும் கழுத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது கிரேவ்ஸ் நோய். உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தூண்டிவிடும் நோய். உப்பில் அயடீன் குறைவோ என்று மகள் கேட்டாள். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அதோடு இந்த நோய் அயடீன் குறைவால் வருவதும் இல்லை.

எலி ஏன் ஓடுகிறது

நோய் தெரிந்துவிட்டது, மருந்தும் இருக்கிறது. அப்படியே எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். ஆனால் ஓடிய பிறகு பயப்படுவது என்றால் என்ன, சுரப்பி ஒன்று அதை எப்படிச் செய்விக்கும் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. சிகிச்சையை எங்கே கவனமாகச் செய்ய வேண்டும் என்பதையும் அதுதான் காட்டிக்கொடுத்தது.

நடுமூளைக்குள் ஒரு மெல்லிய கால்வாய் ஓடுகிறது. அதைச் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பகுதி. எலியின் மூளையில் அந்தப் பகுதியின் முதுகுப்புறத்தில் மின்முனையைப் பதித்து மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். எலி செய்துகொண்டிருந்ததை நிறுத்தி விறைத்து நிற்கும். கண் வெளியே தள்ளும். இன்னும் கூட்டினால் ஓடத் தொடங்கும், பிறகு நாலுகால் பாய்ச்சல், பிறகு கூட்டின் சுவரை நோக்கித் துள்ளல். சிறுநீரும் மலமும் போகும். மின்னோட்டத்தை நிறுத்தினால் ஓட்டமும் நின்றுவிடும். அறையில் பூனையும் இல்லை, பாம்பும் இல்லை. ஓட்டம் மட்டும் இருக்கிறது. மனிதரில் இதே பகுதியை, விழித்திருக்கும் நோயாளிக்கு மூளை அறுவைச்சிகிச்சை செய்யும்போது தூண்டிய அறிக்கை 1969 இல் வந்தது. கடும் பயமும் செத்துவிடுவேன் என்ற உணர்வும் வந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.

பிரேசிலின் விற்றோரியா நகரத்தில் ஷென்பெர்க் என்பவரின் குழு பல ஆண்டுகளாக இந்த எலிகளோடு வேலை செய்திருக்கிறது. நாட்பட்டுக் கொடுத்த குளோமிப்பிரமினும் ஃபுளுவொக்சற்றினும், அதாவது மனிதரின் பீதி நோய்க்கு (திடீர்ப் பயத் தாக்கங்கள் திரும்பத் திரும்ப வரும் நோய்) கொடுக்கும் அதே மருந்துகள், எலியின் பாய்ச்சலையும் அடக்குகின்றன என்று 2001 இல் காட்டினார்கள். 2008 இல் இன்னொன்றைக் காட்டினார்கள். இவ்வளவு ஓட்டத்துக்கும் திகிலுக்கும் பிறகும் எலியின் இரத்தத்தில் நெருக்கீட்டு ஓமோன்கள் எதிர்பார்த்தபடி ஏறவில்லை. மனிதரின் பீதித் தாக்கத்திலும் நெருக்கீட்டு ஓமோனான கோர்ட்டிசோல் வழமையாக ஏறுவதில்லை. அப்படியானால் பீதி என்பது பதகளிப்பின் உச்சப்படி ஒன்று என்று நினைப்பது சரியாக வராது. அதற்கு வேறொரு பாதை இருக்கிறது.

இந்த இரண்டு பாதையையும் ஒரே எலியில் பிரித்துப் பார்க்க, பிரேசிலிலேயே கிரேஃப் என்பவரும் கூட்டாளிகளும் 1990களின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தார்கள். நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில், ஆங்கில ‘ரி’ எழுத்து வடிவில் மூன்று கைகள். ஒரு கைக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் திறந்த பலகை. எலியைச் சுவருள்ள கையின் உள்ளே விட்டால், வெளியே வரத் தயங்கும். திரும்பத் திரும்ப விட்டால் தயக்கம் கூடும். அது தவிர்ப்பு. அதே எலியைத் திறந்த பலகையின் நுனியில் விட்டால் உள்ளே ஓடிவரும். அது தப்பியோட்டம். பதகளிப்பைத் தணித்து நித்திரை வரவைக்கும் டயசெபாம் தவிர்ப்பைக் குறைக்கிறது, தப்பியோட்டத்தில் கைவைப்பதில்லை. பீதி நோய்க்குக் கொடுக்கும் இமிப்பிரமினை நாட்பட்டுக் கொடுத்தால் அது தப்பியோட்டத்தையும் மெதுவாக்குகிறது. முதலாவது பொதுப் பதகளிப்பின் சாயல், இரண்டாவது பீதியின் சாயல் என்று அவர்கள் வைத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு என் நோயாளியைத் திரும்பப் பாருங்கள். பஸ்ஸும் சந்தையும் பொங்கலும் தவிர்ப்பு. நடுஇரவில் வாசல் தாண்டுவது தப்பியோட்டம். கடையில் வாங்கிய நித்திரைக் குளிசை ஓட்டத்தை ஏன் நிறுத்தவில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலிக்குப் பீதி என்று நாம் சொல்வது அதன் கால்களைப் பார்த்து. அது உள்ளே என்ன உணர்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் ஆய்வாளர்கள் ‘பீதியை ஒத்த நடத்தை’ என்று எழுதுகிறார்கள். அந்த ‘ஒத்த’ என்ற சொல்லை நாமும் விட்டுவிடக் கூடாது.

தைரொயிட் எங்கே கைவைக்கிறது

முதலில் இதயம். 1977 இல் லெஃப்கோவிற்ஸும் கூட்டாளிகளும் தைரொயிட் ஓமோன் மிகைத்த எலிகளின் இதயத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். அட்ரினலினை ஏற்கும் பீற்றா ஏற்பிகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. (அவருக்கு ஏற்பிகள் பற்றிய வேலைக்காக 2012 இல் நோபல் பரிசு கிடைத்தது.) கோயில் ஒலிபெருக்கியின் சத்தத்தை யாரோ கூட்டி வைத்துவிட்டது போலத்தான். வழமையான ஒரு சிறு திடுக்கிடல்கூட நெஞ்சுக்குள் பெரிதாகக் கேட்கும். யானை வெடி இந்தப் பெண்ணுக்கு முந்தியும் கேட்டதுதான், திடுக்கிட்டதும்தான். இப்போது அந்தத் திடுக்கிடல் உடல் முழுவதும் முழங்குகிறது.

அடுத்தது மூளை. தைரொக்சின் என்ற ரி4 தான் உயிர்ப்பான ரி3 ஆக மாறுகிறது. மூளைக்கு வேண்டிய ரி3 இன் பெரும்பகுதி மூளைக்குள்ளேயே, நரம்புக்கலங்களைத் தாங்கி நிற்கும் அஸ்ட்ரோசைட் கலங்களில் இப்படி உண்டாகிறது. எலிமூளையில் ரி3 எங்கெங்கே தங்குகிறது என்று 1996 இல் றொசானொவும் டிராற்மனும் சாயமிட்டுப் பார்த்தார்கள். நோரட்ரினலின் சுரக்கும் நரம்புத் தொகுதிகளில் அது எடுப்பாகத் தெரிந்தது. விழிப்பையும் உசாரையும் நடத்தும் தொகுதி அதுதான். இதயத்தில் ஏற்பிகளைக் கூட்டும் அதே ஓமோன், மூளையில் உசார் மணியடிக்கும் இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

இதுவரை கேட்டால் கதை நேராகப் போகிறது: ஓமோன் கூடினால் பீதி, குறைந்தால் அமைதி. இங்கேதான் நிற்க வேண்டும். விலங்காய்வுகள் அப்படிச் சொல்லவே இல்லை.

ஸ்வீடனில் வென்ஸ்ற்றோமின் ஆய்வுகூடத்தில் வளர்த்த சுண்டெலிகளின் தைரொயிட் ஏற்பி ஒன்றில் ஒரு சிறு மாற்றம். ரி3 ஐப் பிடிக்கும் திறன் பத்திலொன்றாகக் குறைந்துவிடும். இரத்தத்தில் ஓமோன் இருந்தும் மூளைக்கு அது போதாத நிலை. 2005 இல் வெளியான அந்த வேலையில், இந்தச் சுண்டெலிகள் கடும் பதகளிப்பு நடத்தை காட்டின. நிறைய ரி3 கொடுத்தபோது அது குறைந்தது. 2016 இல் பியாங்கோவின் குழு அமெரிக்காவில், அஸ்ட்ரோசைட்டுகளில் மட்டும் ரி4 ஐ ரி3 ஆக்கும் நொதியை இல்லாமல் செய்தது. ஆண் சுண்டெலிகளில் பதகளிப்பும் சோர்வும் வந்தன. ஆக, மூளைக்குள் ரி3 குறைந்தாலும் பதகளிப்பு.

என் நோயாளிக்கு மிகவும் பொருத்தமாக நான் எடுத்துக்கொண்டது ஸ்பெயினிலிருந்து 2011 இல் வந்த ஒரு வேலை. வளர்ந்த எலிகளின் தைரொயிட்டை அகற்றிவிட்டு, ஒரு சத்தத்தையும் காலில் மின்னதிர்ச்சியையும் சேர்த்துக் கொடுத்துப் பயத்தைப் பழக்கினார்கள். பயத்தைக் கற்றுக்கொள்வதில் அந்த எலிகள் மற்ற எலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் கற்ற பயம் அவற்றில் ஆழமாகப் பதிந்தது. அதிர்ச்சி இல்லாமல் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பயத்தை அழிக்கப் பார்த்தால், அது அழிய நேரம் எடுத்தது. அழிந்தது போலிருந்து, பிறகு தானாகத் திரும்பியும் வந்தது. ஓமோன் இல்லாத மூளை பயத்தை மறக்கச் சிரமப்படுகிறது. தைரொயிட்டை அடக்கும் மருந்தை எழுதும் எவரும் இந்த முடிவை ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலே ரிஆர்எச் இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமஸிலிருந்து வந்து, கபச்சுரப்பியை ரிஎஸ்எச் சுரக்கச் சொல்லும் மூன்றே அமினோ அமிலத் துணுக்கு. 1969 இல் ஷாலியின் குழு பன்றி மூளைகளிலிருந்தும் கியிமானின் குழு செம்மறி மூளைகளிலிருந்தும் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தன. இருவரும் 1977 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். அதைத் தைரொயிட்டோடு மட்டும் சேர்த்து நினைப்பது பழக்கம். ஆனால் எலியின் மூளைக்குள் நேரடியாகச் செலுத்தினால், தைரொயிட் ஒன்றும் செய்யத் தொடங்கும் முன்னரே மூச்சு வேகமாகும், இரத்த அழுத்தம் ஏறும், மயக்க மருந்தில் கிடக்கும் எலி எழும்பும், நனைந்த நாயைப் போல உடம்பை உதறும். பார்த்தால் பீதியை உண்டாக்கும் பொருள் என்றே தோன்றும். ஆனால் மெக்சிக்கோவில் அதை எலியின் அமிக்டலாவுக்குள், அதாவது மூளையில் பயத்தோடு தொடர்புள்ள பகுதிக்குள், கொடுத்தபோது பதகளிப்பு குறைந்தது (2008). ரிஆர்எச் இன் ஏற்பி இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளில் பதகளிப்பு கூடியது (2007). உடலை எழுப்பிவிடும் அதே துணுக்கு, மூளையின் இன்னோர் அறையில் பயத்தைத் தணிக்கிறது. உடல் எழும்புவது வேறு, பயப்படுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

முறை பற்றி ஒன்று. ஹார்வார்டில் சபற்றினியின் குழு 2024 இல், ரி3 சுண்டெலியின் மூளைப் புறணியையே மாற்றி, சுற்றுப்புறத்தை ஆராய்ந்து அலையச் செய்கிறது என்று காட்டியது. உடல் எரிக்கும் சக்தி கூடும்போது, இரைதேடும் உந்துதலும் சேர்ந்து கூடுகிறது. அப்படியானால் உயரப் பலகைச் சோதனைகளில் ரி3 கொடுத்த விலங்கு திறந்த கைக்குள் அதிகம் போனால், அதற்குப் பயம் குறைந்துவிட்டதா, அல்லது இருப்புக்கொள்ளாமல் அலைகிறதா? தைரொயிட் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு அதிகம் நம்பிக்கை தருபவை, நடமாட்டத்தைத் தனியாக அளந்து, தவிர்ப்பையும் ஓட்டத்தையும் பிரித்துப் பார்த்த ஆய்வுகள்தான்.

"செல்லடியாலயா டொக்டர் இது வந்தது?"

முடிவைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

பயத்திலிருந்து தைரொயிட் நோய் வரும் என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தில் பரி என்ற வைத்தியரின் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1825 இல் அச்சாகின. அதில் 21 வயதுப் பெண் ஒருத்தி, சரிவில் வேகமாக இறங்கிய சக்கர நாற்காலியிலிருந்து தூக்கியெறியப்பட்டாள். காயம் பெரிதில்லை, பயம் பெரிது. அன்றிலிருந்து நெஞ்சிடி, பிறகு கழுத்து வீக்கம். 1954 இல் கிராஹ்ற் என்பவர், திகிலுக்கு உள்ளான காட்டுமுயல்களில் தைரொயிட் மிகைத்துவிடுவதை எழுதினார். எலியோ நேர்மாறு. அடைத்துவைத்து நெருக்கினால் எலியின் ரிஎஸ்எச் இறங்கும், குளிரில் விட்டால்தான் ஏறும். ஆகவே ஒரு விலங்கின் பதிலை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

அவருக்குச் சொன்ன பதில் இவ்வளவுதான்: "அக்கா, நெருக்கீடு இந்த வருத்தத்தைத் தூண்டலாம். ஆனா அந்தச் செல்லடிக்கும் இண்டைக்கும் இடையில பதினைஞ்சு வருசத்துக்கு மேல. அதுதான் செய்தது எண்டு நான் சொல்லமாட்டன். உங்கட பயம் பொய்யுமில்லை. உங்களுக்கு இப்ப ரெண்டு விசயம் இருக்குது, ரெண்டுக்கும் வைத்தியம் செய்வம்." அவருடைய முகம் தளர்ந்ததைப் பார்த்தேன். கழுத்தில் இருப்பதைச் சொன்னவுடன், 2009 இல் நடந்ததை ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவோமோ என்று அவர் பயந்திருக்கிறார்.

சிகிச்சை

தைரொயிட் ஓமோன் உண்டாவதைத் தடுக்கும் கார்பிமசோல் நாளுக்கு 30 மில்லிகிராம். பீற்றா ஏற்பிகளை மூடும் புரொப்பிரனலோல் 40 மில்லிகிராம், மூன்று வேளை. முதலில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டேன், இருந்தால் இந்த மருந்து ஆபத்து. கர்ப்பம் இல்லை என்பதும் பார்த்தாயிற்று. கார்பிமசோலில் அரிதாக வெண்குருதிக்கலங்கள் சடுதியாக விழுந்துவிடும். எங்கள் பக்கத்தில் காய்ச்சல் என்றால் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவது வழமை. அதனால் தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே இரத்தம் சோதிக்க வரவேண்டும் என்பதை மகளிடம் திருப்பிச் சொல்ல வைத்தேன்.

புரொப்பிரனலோல் தொடங்கி இரண்டு கிழமைக்குள் இரவு ஓட்டங்கள் வெகுவாகக் குறைந்தன. ஓமோன் அளவு அப்போது இன்னும் வழமைக்கு இறங்கியிருக்காது. பீற்றா ஏற்பிகளை மூடியதற்கே பெரும்பாலும் இந்தப் பலன். "முழிப்பு வருது டொக்டர், ஆனா எழும்பி ஓட வேண்டி வரேல்லை" என்றார். ஆறு கிழமையில் ரி4 வழமைக்கு வந்துவிட்டது. நித்திரை நாடி எழுபதுகளில்.

ரிஎஸ்எச் மட்டும் அப்போதும் அடிமட்டத்தில். இது எதிர்பார்த்ததுதான், கபச்சுரப்பி தூக்கம் கலைய மாதக்கணக்கு எடுக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் நோய் இன்னும் அடங்கவில்லை என்று தோன்றி, குளிசையைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் சில கிழமையில் தைரொயிட் குறைவுக்குள் தள்ளிவிடுவோம். சாதாரண நோயாளிக்கே அது நல்லதில்லை. கற்ற பயத்தை இனிமேல்தான் அழிக்கப்போகிற ஒருவருக்கு, அந்த ஸ்பெயின் எலிகளின் நிலையை நாமே உண்டாக்குவது போலாகும். எலியின் முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அளவு மீறாமல் இருப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை. ரி4 ஐப் பார்த்துக் கார்பிமசோலை 15 மில்லிகிராமாகக் குறைத்தோம், பிறகு 10.

மிச்சமாக நின்றது

ஓட்டம் போய்விட்டது. தவிர்ப்பு போகவில்லை. ஓமோன் எல்லாம் சரியான பிறகும் பஸ்ஸில் ஏறவில்லை. மகளுக்கு ஏமாற்றம். "வருத்தம் மாறிட்டுதுதானே அம்மா, இன்னும் என்ன?" என்று கிளினிக்கிலேயே கேட்டாள்.

எலியின் இரண்டு பாதைகளை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. உடலின் எச்சரிக்கை மிகைத்திருந்த மாதங்களில், பஸ் என்றால் படபடப்பு என்று மூளை படித்துவிட்டது. படிப்பித்த ஓமோன் போனாலும் படித்த பாடம் இருக்கும். அதற்கு வேறு வேலை வேண்டும்.

உளவளத்துணையாளர் ஒருவரோடு சேர்ந்து அதைத் தொடங்கினோம். கிளினிக் அறையில் நின்ற இடத்திலேயே ஓடச் சொல்லி நாடியை வேண்டுமென்றே ஏற்றி, அது தானாக இறங்கும் வரை இருக்கச் சொல்வது முதற்படி. நெஞ்சு அடிப்பது சாவுக்கு அடையாளமில்லை என்று உடலுக்குக் காட்டும் பயிற்சி. ஓமோன் மிகைத்த நாட்களில் இதைச் செய்திருந்தால் இதயத்துக்கும் ஆபத்து, நாடியும் இறங்கியிருக்காது, பயம்தான் கூடியிருக்கும். அதனால்தான் ரி4 அடங்கும் வரை காத்திருந்தோம். பிறகு மகளோடு அடுத்த தரிப்பிடம் வரை பஸ். பிறகு தனியாக. யானை வெடிச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து, மிகச் சின்னச் சத்தத்தில் கேட்கத் தொடங்கினார். அது எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது, இன்னும் முடியவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர் பயப்படுவதில் ஒரு பங்கு நியாயமும் உண்டு. வெடி போடுகிறார்கள் என்றால் யானை உண்மையிலேயே பக்கத்தில் நிற்கிறது. வாசலுக்கு வெளியே ஓடுவதை விட வீட்டுக்குள் நிற்பதுதான் பாதுகாப்பு என்பதை மட்டும் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

2009 பற்றிய கதை மெதுவாக, வேறு நாட்களில், அவர் விரும்பியபோது வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது கார்பிமசோல் 5 மில்லிகிராமில் இருக்கிறார், புரொப்பிரனலோல் நிறுத்தியாயிற்று. சந்தைக்குத் தானே போகிறார். மொத்தம் 12 முதல் 18 மாதம் குளிசை கொடுத்து நிறுத்திப் பார்ப்பது வழமை. நிறுத்தியவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நோய் திரும்புகிறது. திரும்பினால் முதலில் தெரியப்போவது படபடப்பாகத்தான் இருக்கும். அது பழைய பயமா, சுரப்பியா என்று குழம்பாமல் இருக்க, அன்றிரவே நித்திரை நாடியை எண்ணுவதென்று மகளோடு பேசிவைத்திருக்கிறோம். நூறைத் தாண்டினால் அடுத்த நாளே இரத்தம் எடுக்கலாம். தைரொயிட்டை அழிக்கும் கதிரியக்க அயடீன் வன்னிக்குள் கிடைக்காது, கண்ணில் அறிகுறி இருப்பதால் அது கண்ணை மோசமாக்கவும் கூடும். அறுவைச்சிகிச்சையா, குறைந்த அளவு குளிசையை ஆண்டுக்கணக்கில் தொடர்வதா என்பதை அப்போது அகஞ்சுரப்பியல் நிபுணரோடு கதைத்து அவரே முடிவெடுப்பார். இப்போதைக்கு அவருடைய விருப்பம் குளிசைப் பக்கம்.